எந்தச் சரிங்க?

பத்து நாளைக்கு முன் என் பழைய கம்பெனியின் மனிதவளத் துறையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு மூத்த ஊழியரைச் சேர்த்துவிடும் திட்டம் அங்கே வெகுநாளாக உண்டு. அந்தத் துணையை ‘மென்டர்’ என்பார்கள். அந்தத் திட்டத்தை இப்போது செல்போன் செயலியாக மாற்றிவிட்டார்களாம். ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் மென்டர் தான் சொன்னதை நாலு வரியில் பதிய வேண்டும். எதிரே இருப்பவர் அதைப் படித்துவிட்டு, கீழே ‘ஓகே’ என்றிருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். முப்பத்தேழு வருடம் அங்கே வேலை பார்த்தவள், அதில் பதினெட்டு வருடம் மென்டராக இருந்தவள் என்பதால் கம்பெனி இதழுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டாள்.

“மொதல்ல அந்தப் பச்சைப் பொத்தானை எடுத்துப்போடுங்க கண்ணு” என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ வயதான அம்மா செல்போனுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்திருப்பாள். செல்போனுக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. என் பேத்திக்கே அதில் நாலு வித்தை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் சண்டை அந்தப் பொத்தானோடுதான். அது என்ன சண்டை என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. கம்பெனியில் எல்லோருக்கும் மேரிக்கா. கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் கூலி வேலை பார்த்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தது நான்தான். டிப்ளமோ முடித்த கையோடு இந்தப் பம்ப் கம்பெனியில் சேர்ந்தேன். அப்போது ஒரே கொட்டகை, இன்றைக்கு மூன்று தொழிற்சாலை. என்னுடைய முதல் பதினேழு வருடத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். போல்ட் முடுக்கினேன், கல்யாணம் செய்துகொண்டு சிங்காநல்லூருக்குக் குடிவந்தேன், ஒரு பெண்ணைப் பெற்றேன், பம்ப்புகளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங் பிரிவுக்கு மாறினேன், முப்பத்தெட்டு வயதில் அதே பிரிவுக்குச் சூப்பர்வைசர் ஆனேன். அந்த வருடம்தான் புது சூப்பர்வைசர்களுக்கு ஆளுக்கொரு மென்டர் என்று உத்தரவு போட்டார்கள்.

எனக்கு வாய்த்தவர் செண்பகம். பாளையங்கோட்டைக்காரர், இன்ஜினியர், எங்கள் துணை மேலாளர். வயது இருபத்தொன்பது, என்னைவிட ஒன்பது வயது இளையவர். எனக்கு உள்ளுக்குள் ஒரே புகைச்சல். நான் போல்ட் முடுக்க ஆரம்பித்தபோது இந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்திருப்பாள், இவள் எனக்கு என்ன சொல்லித் தரப்போகிறாள் என்று வீட்டில் புலம்பினேன். கம்பெனியில் புலம்பவில்லை. அங்கே “சரிங்க மேடம்” என்றேன்.

செண்பகத்தின் முறையே தனி. தன் அறைக்குக் கூப்பிட்டு மேஜைக்கு எதிரே உட்கார வைக்கவே மாட்டார். வியாழக்கிழமை மதியம் மூன்றரைக்கு கேன்டீனில், தண்ணீர் டிரம் பக்கத்து மூலையில்தான் எங்கள் சந்திப்பு. இரண்டு டீ வரும், ஒரு தேங்காய் பன் வரும். பன்னை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவார். பிறகு முதல் பத்து நிமிஷம் அவர் பேசவே கூடாது என்று அவரே தனக்கு ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். இயல்பில் அவர் வாயாடி. அதனால் நான் பேசப் பேச, குறுக்கே எதையாவது சொல்லிவிடாமல் இருக்க, நிஜமாகவே உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொள்வார். கண் மட்டும் பேசும். பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பத்து நிமிஷம் ஆனதும் கையை எடுத்துப் பெருமூச்சு விட்டுக் கேள்விகளை ஆரம்பிப்பார். நான் சொன்ன மிஷினைத் தன் கண்ணால் போய்ப் பார்க்காமல் ஒரு யோசனையும் சொல்ல மாட்டார்.

முதல் வியாழக்கிழமை அவர் போய்ப் பார்த்தது டெஸ்டிங் தொட்டியை. அங்கே நடப்பது இதுதான். பம்ப்பைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி, வெளியேறும் குழாயில் இணைத்து ஓட விடுவோம். குழாயில் ஒரு வால்வு இருக்கும். நாங்கள் வால்வை முழுக்கத் திறந்து வைத்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போவோம். ஒவ்வொரு நிலையிலும் தண்ணீர் எவ்வளவு வருகிறது, அழுத்தம் எவ்வளவு, மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று எழுதுவோம். செண்பகம் அதைத் தலைகீழாக்கச் சொன்னார். மூடிய நிலையில் ஆரம்பித்துத் திறந்துகொண்டே போனால் கிளம்பும்போது மோட்டாருக்குச் சுமை குறைவு, சோதனையும் சீக்கிரம் முடியும் என்று பொறுமையாக விளக்கினார்.

“சரிங்க மேடம்” என்றேன்.

மறுநாளிலிருந்து பழையபடியே செய்தேன்.

இதைத் திருட்டுத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவரை ஏமாற்ற நான் நினைக்கவே இல்லை. எங்கள் பக்கம் ‘சரிங்க’ என்பதற்கு எத்தனை அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கும் சரிங்க. மேலே சொல்லுங்கள் என்பதற்கும் சரிங்க. உங்கள் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் மூஞ்சிக்கு நேரே அதைச் சொல்லி உங்களை நோகடிக்க மாட்டேன் என்பதற்கும் சரிங்க. பேச்சு முடிந்தது, கிளம்பலாம் என்பதற்கும் அதேதான். உண்மையிலேயே ஒத்துக்கொள்கிற சரிங்க ஒன்றும் கூட்டத்தோடு கூட்டமாக இருக்கும். எது எது என்று எங்களுக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். செண்பகத்துக்கு எப்படித் தெரியும்?

நாலாவது வியாழக்கிழமை அவர் சொல்லாமல் கொள்ளாமல் தொட்டிப் பக்கம் வந்து என் பின்னால் நின்றார். வால்வு முழுக்கத் திறந்திருந்தது. என் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தார். முதல் வரியில் முழு ஓட்டத்தின் கணக்கு. சூப்பர்வைசர் பதவி போச்சு என்றே நினைத்தேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மூன்றரைக்கு கேன்டீனில் பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை எப்போதும் போல என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கேட்டார்.

“மேரிக்கா, மூணு வாரமா சரிங்க சரிங்கன்னு சொல்லுதீங்க. தலையையும் ஆட்டுதீங்க. ஆனா பழைய மாதிரியேதான் செய்யுதீங்க. என் மேல கோவமா, இல்ல நான் சொன்னது தப்பா?”

கோபம் இல்லை என்றேன். அப்படியானால் தப்பா என்று விடாமல் கேட்டார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் சொன்னேன். நம்முடைய தொட்டியில் குழாய் நீளம், வளைவு அதிகம். பம்ப்பை நிறுத்தி மாட்டும்போதெல்லாம் குழாயில் காற்று புகுந்துவிடும். முதலில் முழுக்கத் திறந்து ஓடவிட்டால்தான் அந்தக் காற்று வெளியேறும். எடுத்தவுடன் மூடி வைத்தால் காற்று உள்ளேயே சிக்கிக்கொண்டு அழுத்தமானியின் முள் ஆடிக்கொண்டே இருக்கும், எந்த எண்ணை எழுதுவது என்றே தெரியாது. நாலு வருடமாக அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

அவர் கையை வாயிலிருந்து எடுத்தார்.

“இதை மொத நாளே சொல்லியிருக்கலாம்லாக்கா. உங்க சரிங்கனால மூணு வாரம் எனக்குல்லா நட்டம்” என்றார்.

அப்படி ஒரு மேலதிகாரி பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா வேலை பார்த்த தோட்டத்தில் சரிங்க என்பதற்கு மாற்று வார்த்தையே கிடையாது. அவர் அங்கே ‘ஏனுங்க இப்படி?’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் மனதில் இருந்ததை அம்மாவிடம் சொல்வார். நானும் அப்படியே வளர்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தேவைப்படும், அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு நஷ்டம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷத்தில் அன்று இரண்டாவது டீயும் குடித்தேன்.

கடைசியில் இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்தோம். முதலில் இரண்டு நிமிஷம் முழுக்கத் திறந்து காற்றை விரட்டுவது, பிறகு மூடி, மூடிய நிலையிலிருந்து சோதனையை ஆரம்பிப்பது. என் காற்றும் போயிற்று, அவர் சொன்ன நேரமும் மிச்சமாயிற்று. இன்றுவரை அங்கே அதுதான் முறை. அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் டீயின் கடைசி மடக்கில் செண்பகம் ஒரே கேள்வியைக் கேட்பார். இந்த வாரம் எதற்கு மனசில்லாமல் சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்? நான் யோசித்து ஒன்றாவது சொல்லியாக வேண்டும். அடுத்த வாரத்துக்குள் அந்த இடத்துக்குத் திரும்பப் போய் நிஜத்தில் நினைத்ததைச் சொல்லிவிட்டு வர வேண்டும். முதலில் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. கூட்டங்களில் வாய் திறந்தேன். பிரிவில் பிழை குறைந்தது. டிப்ளமோ படித்த பெண் மேலாளர் நாற்காலி வரைக்கும் போனாள் என்றால் அந்தக் கேள்விதான் காரணம்.

இரண்டு வருடத்தில் என்னையும் மென்டர் ஆக்கினார்கள். செண்பகம் வேறு வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார். நான் அதே மூலை, அதே மூன்றரை, அதே பன், அதே கேள்வி என்று அவருடைய கடையை அப்படியே எடுத்து நடத்தினேன். எத்தனையோ பேர் வந்தார்கள், நன்றாக வந்தார்கள். சரிங்க என்ற வார்த்தையைப் பிடிப்பதில் இந்த வட்டாரத்திலேயே நான்தான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு தலைக்கனம் ஏறிப்போயிற்று.

அதை இறக்கி வைத்தவன் தங்கவேலு.

அவனை ‘அவர்’ என்று எழுத வேண்டும் என்று என் மகள் சொல்கிறாள். எழுதலாம், கை வரமாட்டேன் என்கிறது. கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பையன், முப்பத்தோரு வயது. வாடிக்கையாளர்கள் புகார் சொல்லக் கூப்பிடுகிற போன் பிரிவில் இருந்தான். அவன்மேல் அடுத்தடுத்து இரண்டு வருடம் மோசமான மதிப்பீடு. அப்படி வந்தால் கம்பெனியில் மூன்று மாதம் ஒரு மென்டரிடம் விடுவார்கள். அதற்குள் தேறினால் வேலை, இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஓய்வுக்கு அரை வருடம் இருந்தது. என் கடைசி ஆளாக அவனைக் கொடுத்தார்கள்.

குற்றம் இதுதான். பம்ப் பழுதானால் ஆளை அனுப்பிப் பார்த்து, தயாரிப்பில் குறை இருந்தால் மட்டுமே புதிதாகத் தருவது கம்பெனி வழக்கம். தங்கவேலுவோ போனிலேயே ‘புது மோட்டார் தருகிறோம்’ என்று வாக்குக் கொடுத்துவிடுகிறானாம். ஒன்பது பேர் எழுதிப் புகார் கொடுத்திருந்தார்கள். உங்கள் ஆள் ஒத்துக்கொண்டார், இப்போது இல்லை என்கிறீர்களே என்று ஒன்பதிலும் ஒரே பாட்டு. கேட்டால், அப்படி யாரிடமும் சொல்லவில்லை என்பான். அதற்குமேல் பேச மாட்டான்.

நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அவன் வேலை செய்கிற அழகே அழகு. தாராபுரத்திலிருந்து ஒரு விவசாயி, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்று தவிப்போடு பேசினார். தங்கவேலு போனைக் கொண்டுபோய்க் குழாய் பக்கத்தில் காட்டச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். போர்வெல்லில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது, குழாயில் காற்றுத்தான் வருகிறது, உடனே நிறுத்திவிடுங்கள், இன்னும் ஓடினால் மோட்டார் எரிந்துவிடும் என்று சொன்னான். அடுத்த அழைப்பில் ஸ்டார்ட்டர் பெட்டியின் முனகலைக் கேட்டே மூன்று பேஸில் ஒரு பேஸ் கரண்ட் வரவில்லை என்று கண்டுபிடித்தான். ஆளே போகாமல் இரண்டு பம்ப் பிழைத்தன. இவனையா வீட்டுக்கு அனுப்புவது என்று எனக்கு அடித்துக்கொண்டது.

புகார் வந்த ஒன்பது அழைப்புகளின் பதிவையும் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு நாலு நாள் கேட்டேன். ஒன்றில்கூட ‘தருகிறோம்’ என்று அவன் சொல்லவில்லை. எதிர்முனையில் ஒருவர் “புதுசுதான் தரணும்” என்கிறார். இவன் “சரிங்க” என்கிறான். “நாளைக்கே அனுப்பி வைக்கணும்” என்கிறார். “ஆகட்டுங்க” என்கிறான். கடைசியில் “ஆளை அனுப்பிப் பாத்துப்போட்டுச் சொல்றோமுங்க” என்று முடிக்கிறான். எவ்வளவு மரியாதை, எவ்வளவு ஒழுங்கு, இதில் வாக்கு எங்கே இருக்கிறது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பேச வேண்டிய முறையை அட்டையில் எழுதிக் கொடுத்தேன். சரிங்க என்று வாங்கிக்கொண்டான். வியாழக்கிழமைகளில் நம் பிரசித்தமான கேள்வியைக் கேட்டேன். இந்த வாரம் அப்படி ஒன்றும் இல்லீங்க மேடம் என்றான். நானும் நம்பி நோட்டில் குறித்துக்கொண்டேன். இதற்கிடையில் பத்தாவது புகாரும் வந்து சேர்ந்தது. மூன்று மாதம் முடிய இரண்டு வாரம்தான் மிச்சம்.

அந்த வாரத்தில்தான் செண்பகம் போன் செய்தார். பாளையங்கோட்டையில் சொந்தமாக வீடு கட்டி முடித்துவிட்டாராம், அடுத்த மாதம் முதல் புதன்கிழமை பால் காய்ச்சுகிறாராம், நான் அவசியம் வர வேண்டுமாம். எனக்குத் தங்கவேலு நினைப்பாகவே இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, சரிங்க, சரிங்க, ரொம்பச் சந்தோஷமுங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்போ செவ்வாய்க்கிழமையே வந்திருதீங்க. ராத்திரி நம்ம வீட்லதான் சாப்பாடு. பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்புதேன்” என்றார்.

நான் பதறிப்போனேன். “நானு எப்பங்க வாரேன்னு சொன்னேன்?”

“இப்பத்தானக்கா, மூணு தடவை சரிங்கன்னு சொன்னீங்க.”

போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும் இந்தப் பெண்ணிடம் அதே இடத்தில் விழுந்திருக்கிறேன். விழுந்த இடத்தில்தான் தங்கவேலுவும் கிடந்தான். எங்கள் ஊர்க் காதுக்கு அந்த வார்த்தை ‘ம்’ கொட்டுகிற சத்தம் மாதிரிதான். நாலு நாள் பதிவைக் கேட்டேன், ஒரு சரிங்ககூட என் காதில் ஏறவில்லை. செண்பகம் ‘அக்கா, இருக்கீங்களா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பத்துப் புகாரும் எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதினேன். விழுப்புரம், மதுரை, தஞ்சாவூர், தூத்துக்குடி, மறுபடியும் மதுரை என்று போயிற்று. பொள்ளாச்சி இல்லை, ஈரோடு இல்லை, தாராபுரம் இல்லை, கோபி இல்லை. இத்தனைக்கும் அவனுக்கு வருகிற அழைப்பில் பாதிக்குமேல் எங்கள் பக்கத்து ஊர்கள். இங்கே உள்ளவர் ஒருவர்கூட அவன் வாக்குக் கொடுத்ததாகச் சொல்லவில்லை. தாளைத் தங்கவேலுவிடம் காட்டினேன். ஊர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தான்.

“சரிங்கன்னு சொன்னா தர்றேன்னா மேடம் அர்த்தம்? கேட்டுட்டு இருக்கறேன்னுதானுங்க அர்த்தம்” என்றான். அந்த மூன்று மாதத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

முடிவு செய்கிற கூட்டத்தில் எங்களைத் தவிர ஏழு பேர். மனிதவளத் துறைத் தலைவர் கௌதம் சென்னைக்காரர். நல்ல மனிதர், ஆனால் தாளில் உள்ளதை மட்டும் நம்புகிறவர். இன்னும் இருவர் மதுரையும் கும்பகோணமும். சர்வீஸ் மேலாளர் பொள்ளாச்சிக்காரர், மீதி மூவரும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். பத்துப் புகார் என்று ஆரம்பித்தார் கௌதம். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. விழுப்புரத்து அழைப்பை எல்லோருக்கும் கேட்கும்படி ஓடவிட்டேன். முடிந்ததும், புது மோட்டார் தர தங்கவேலு ஒத்துக்கொண்டான் என்று நினைக்கிறவர்கள் மட்டும் கை தூக்குங்கள் என்றேன்.

மூன்று கை உயர்ந்தது. சென்னை, மதுரை, கும்பகோணம்.

மற்ற நாலு பேரும் அந்தக் கைகளை விசித்திரமாகப் பார்த்தார்கள். பொள்ளாச்சிக்காரருக்குப் பொறுக்கவில்லை. “அவன் எங்கீங்க சார் ஒத்துக்கிட்டான்? கம்முனு கேட்டுட்டுத்தான இருந்தான்?” என்றார். மூன்று முறை சரிங்க என்று சொல்லியிருக்கிறாரே என்று கௌதம் விரலை நீட்டினார். அது சும்மா சொல்வது என்றார் இவர். சும்மா எதற்குச் சொல்ல வேண்டும் என்றார் அவர். பிறகு எப்படித்தான் சார் கேட்பது, வாயை மூடிக்கொண்டு கேட்டால் மரியாதையாக இருக்குமா என்று மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். பத்து நிமிஷம் தங்கவேலுவை எல்லோரும் மறந்தே போனார்கள். கடைசியில் கௌதம் பதிவை மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டார். அவர் முகம் மெல்ல மாறிச் சிரிப்புக்கு வந்தது. நான் இந்த ஊருக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது, இதுவரைக்கும் எனக்கு எத்தனை பேர் சரிங்க சொல்லியிருப்பார்கள், அதில் எத்தனை நிஜம் என்று இப்போது கவலையாக இருக்கிறது என்றார். அறையே சிரித்தது.

புகார்கள் தள்ளுபடி ஆயின. கௌதம் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். வெளியூர்க்காரர்களோடு பேசுவது இவருக்குக் கஷ்டமாக இருக்கிறது, பேசாமல் தொழிற்சாலைக்குள்ளேயே டெஸ்டிங் பிரிவுக்கு மாற்றிவிடலாம், அதே சம்பளம், தொந்தரவும் இல்லை. தங்கவேலுவைப் பார்த்து, சம்மதம்தானே என்று கேட்டார்.

மூன்று மாத உழைப்பும் அந்த ஒரு நொடியை நம்பி நின்றது. அவன் வாய் திறந்தது. ‘ச’ வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் மூடிக்கொண்டான். என் பக்கம் திரும்பவே இல்லை.

“இல்லைங்க சார். நானு போன்லயே இருந்துக்கறேனுங்க. தண்ணி வராதவங்க கூப்படறாங்க. அந்தச் சத்தத்தக் கேட்டா எனக்கு என்ன பழுதுன்னு தெரியுதுங்க. சரிங்கறதுக்குப் பதிலா வேற வார்த்தை நானே பழகிக்கறேன்.”

இவ்வளவு நீளமாக அவன் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. கௌதம் பேனாவை மூடி வைத்துவிட்டு, “சரிங்க” என்றார். அறையில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். “நிஜமான சரிங்க” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

தங்கவேலு சொன்னபடியே பழகினான். “கேட்டுக்கறேனுங்க”, “குறிச்சுக்கிட்டேனுங்க”, “பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க” என்று மூன்று வார்த்தைகளை எழுதி மேஜையில் ஒட்டிக்கொண்டான். பதினோராவது புகார் வரவில்லை. அடுத்த மதிப்பீட்டில் அவன் பிரிவிலேயே முதல் ஆள். போனில் சத்தம் கேட்டுப் பழுது சொல்லும் வித்தையை மற்றவர்களுக்கும் சொல்லித்தர அவனையே மென்டர் ஆக்கினார்கள். நானும் செண்பகத்துக்குக் கொடுக்காத வாக்கைக் காப்பாற்ற செவ்வாய்க்கிழமையே பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போனேன். பால் பொங்கும்போது அவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ள அவரால் முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பச்சைப் பொத்தான் வேண்டாம். அது செல்போனில் அழுத்துகிற சரிங்க. மென்டர் நன்றாகப் பேசினாரா என்பதா முக்கியம்? எதிரே இருப்பவர் இல்லை என்று சொல்ல அங்கே இடம் இருந்ததா என்று பாருங்கள். அப்படி இடம் கிடைத்த ஆளிடம்தான் நல்ல வேலை வெளியே வரும். பொத்தான் இருந்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் ‘ஏனுங்க?’ என்று இன்னொன்று வையுங்கள், அதைப் பெரிதாக வையுங்கள்.

என் ஓய்வு விழாவும் அதே கேன்டீனில்தான் நடந்தது. சால்வை போட்டார்கள், என் உயரத்துக்கு ஒரு மாலை. நிர்வாக இயக்குநர் பேசும்போது, மேரிக்கா இனிமேலும் அடிக்கடி இங்கே வந்து போக வேண்டும் என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கைகூப்பி, “சரிங்க” என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்த பிறகு தண்ணீர் டிரம் பக்கத்து மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏனுங்க மேடம், அது எந்தச் சரிங்க?”

தங்கவேலுதான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இயக்குநரும் சிரித்தார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரியாதைக்குச் சொன்னேனா, மனதாரச் சொன்னேனா என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். தெரிந்தது.

“போயிட்டு வாரேங்கற சரிங்க, கண்ணு” என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை மூன்றரைக்கு கேன்டீனுக்குப் போனேன். தங்கவேலு எனக்கு முன்பே வந்து மூலையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு டீ சொல்லியிருந்தான். பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினான்.